எஞ்சியிருக்கும் மழைக்காடு: சிங்கராஜ வனமும் நாமும்

புதுக்கடை நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒடுங்கிய தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்பவரின் கண்ணில் முதலில் படுவது தண்ணீர்தான். தேநீர்க் கடைகளின் முன்னால் கழுவி ஊற்றப்படும் தண்ணீர். வீட்டு வாசல்களில் தெளிக்கப்படும் தண்ணீர். பள்ளிவாசலின் ஹவ்ழில் வுழூச் செய்வோரின் கைகளிலும் கோயிற் குடங்களிலும் நிறையும் தண்ணீர். இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், குழாயிலிருந்து வருகிறது என்பதற்கு மேல் பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலரே.

கொழும்பு நகருக்கு முதன்முதலாகக் குழாய்நீர் வந்தது அவிசாவளைக்கு அண்மையிலுள்ள லபுகம நீர்த்தேக்கத்திலிருந்தாகும். பிரித்தானியர் 1880களில் அதனை அமைத்தபோது நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்திருந்த மழைக்காட்டை வெட்டாது விட்டுவைத்தனர். காட்டை அழித்தால் நீர் கலங்கும், கோடையில் ஊற்றுகள் வற்றும் என்பதை அவர்களுடைய பொறியியலாளர்கள் அறிந்திருந்தனர். பின்னர் 1950களில் அதன் அருகே கலட்டுவாவ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோதும் இதே முறை பின்பற்றப்பட்டது. இன்று கொழும்பின் தேவையில் பெரும்பகுதியைக் களனி கங்கை நிறைவு செய்கின்ற போதிலும், லபுகமவும் கலட்டுவாவயும் நகருக்கு நீரளித்துக்கொண்டேயிருக்கின்றன. ஆக, கொழும்பில் வாழும் எவரும் மழைக்காட்டுடன் தொடர்பற்றவர் அல்லர்.

ஆனால் இலங்கையில் மழைக்காடு என்று இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு? அதற்குள் என்னென்ன வாழ்கின்றன? அது அழிந்தால் மீண்டும் வளர்த்தெடுக்க முடியாதா? தமிழ் பேசும் மக்களாகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இக்கேள்விகளுக்குச் சிங்கராஜ வனத்தை முன்வைத்து விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எஞ்சியது எவ்வளவு?

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் காடாக இருந்தது என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அது 30 சதவீதத்துக்கும் குறைவு. அவ்வாறு எஞ்சியதிலும் பெரும்பகுதி வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களில் பரந்துள்ள உலர்வலயக் காடுகளேயாகும். தென்மேற்கிலுள்ள ஈரவலயத்தில் இயற்கைக் காடு பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. முதலில் கோப்பி, பிறகு தேயிலை, அதன் பின் இறப்பர், இவற்றோடு பெருகிய குடியிருப்புகள் என ஒன்றன்பின் ஒன்றாக அக்காட்டைத் தின்றுவிட்டன. எஞ்சியவை தேயிலைக் கடலின் நடுவே சிறு தீவுகளைப் போன்று சிதறிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளே. அவற்றுள் பெரியதும் பெயர் பெற்றதும் சிங்கராஜ வனமாகும்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் சந்திக்கும் மலைச்சாரலில், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வனம் ஒடுங்கிக் கிடக்கிறது. இதன் அகலம் எவ்விடத்திலும் 7 கிலோமீற்றருக்கு மேற்படுவதில்லை. உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு 8,864 ஹெக்டேயர். அதாவது கொழும்பு மாநகர சபை எல்லையின் இரண்டு மடங்கைவிடச் சற்று அதிகம். நாட்டின் மொத்த நிலப்பரப்பில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றர் முதல் 1,170 மீற்றர் வரை உயரும் இந்நிலத்தில் ஆண்டொன்றுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. மன்னாரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றரே என்பதுடன் ஒப்பிட்டால் இதன் அளவு புலனாகும்.

இத்தகைய நிலைமை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கென்யாவின் மேற்குப் பகுதியிலுள்ள காகமேகா காடு, ஒரு காலத்தில் ஆபிரிக்காவின் நடுப்பகுதி முழுவதும் பரந்திருந்த கொங்கோ மழைக்காட்டின் கிழக்கு எச்சமாகக் கருதப்படுகிறது. காட்டுப் பரப்பு சுருங்கியபோது தாய்க்காட்டிலிருந்து துண்டிக்கப்பட்ட அது, இன்று நெருக்கமான விவசாயக் கிராமங்களால் நாற்புறமும் சூழப்பட்டுள்ளது. மேற்கு ஆபிரிக்காவுக்கும் கொங்கோவுக்கும் உரிய பறவைகளும் குரங்குகளும் கென்யாவில் அங்கு மட்டுமே காணப்படுகின்றன. சிறிதாகிப்போன மழைக்காடுகளின் கதை எங்கும் ஒன்றுதான். பரப்பு சுருங்கச் சுருங்க, வேறெங்கும் இடமில்லாத உயிர்கள் அதற்குள் நெருக்கியடித்து வாழ்கின்றன. அந்தக் கடைசி இடமும் போனால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

சேமித்து வைக்க முடியாத விதைகள்

சிங்கராஜவில் நுழைபவர் முதலில் உணர்வது இருளையே. முப்பது, நாற்பது மீற்றர் உயரத்தில் மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று பொருந்திக் கூரையிட்டு நிற்கின்றன. அதன் கீழே இன்னொரு மர அடுக்கு. அதற்கும் கீழே செடிகளும் பிரம்பும் காட்டு ஏலமும். நிலத்தை எட்டுவது வெயிலில் மிகச் சிறு பங்கே. அந்தச் சிறு வெளிச்சத்தில் முளைத்த ஒரு மரக்கன்று, அருகிலுள்ள பெருமரம் சாய்ந்து வானம் திறக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கிறது.

இவ்வனத்தின் உயர்ந்த மரங்களிற் பல குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்களத்தில் ஹொர, துன், பெரலிய என்று வழங்கும் மரங்கள் இக்குடும்பத்தினவே. அவற்றோடு இலங்கையின் தேசிய மரமாகிய நாகமரத்தின் உறவினங்களும் மலைமுகடுகளில் செழித்து நிற்கின்றன. இங்குள்ள மரங்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. வேறு வகையிற் கூறின், இந்நாட்டில் அழிந்தால் உலகிலேயே அழிந்துபோகும் மரங்கள் அவை.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முன்னின்ற உழைப்பால் 1990களில் இவ்வனத்தினுள் 25 ஹெக்டேயர் நிலம் அளந்து குறிக்கப்பட்டது. விரலளவு தடிமனுள்ள கன்று முதற்கொண்டு அதிலுள்ள ஒவ்வொரு மரமும் இலக்கமிடப்பட்டுக் கணக்கெடுக்கப்பட்டது. 200க்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள் அந்தச் சிறு நிலத்தில் இருக்கக் காணப்பட்டன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரங்களுக்குள்ளும் ஒன்று பள்ளத்தாக்கின் ஈர மண்ணையும், இன்னொன்று சரிவையும், வேறொன்று வறண்ட முகட்டையும் தெரிந்தெடுத்து வளர்வதை இந்த ஆய்வு தெளிவுபடுத்தியது. வெளிப்பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் இடம் இருக்கிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். இவ்வளவு செழிப்பான காடு என்றால், அதன் மண்ணும் செழிப்பானதாகத்தானே இருக்க வேண்டும். வெட்டினால் மீண்டும் தழைத்துவிடாதா? உண்மை இதற்கு நேர்மாறானது. கடும் மழை மண்ணிலுள்ள சத்துக்களை இடையறாது கழுவிச் செல்வதால் மழைக்காட்டு மண் பொதுவாக வறியதாகவே உள்ளது. செல்வம் முழுவதும் உயிருள்ள மரங்களிலும் உதிர்ந்த இலைகளிலும் தங்கியிருக்கிறது. விழுந்த இலையைப் பூஞ்சணங்களும் புழுக்களும் விரைந்து உக்கச் செய்ய, வேர்களைச் சூழ்ந்து வாழும் பூஞ்சணங்கள் அச்சத்தை உடனுக்குடன் மரத்துக்கு ஊட்டிவிடுகின்றன. மரங்களை அகற்றினால் இந்தச் சுழற்சி அறுந்துபோகும். எஞ்சுவது மழையில் கரையும் செம்மண்ணே.

இதைவிடப் பெரிய தடை விதைகளில் இருக்கிறது. நெல்லையோ பயறையோ போன்று குங்கிலிய மர விதைகளைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. அவை காய்ந்தால் இறந்துவிடும். இம்மரங்களிற் பல ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே பெருமளவில் காய்க்கின்றன. உதிர்ந்த விதை சில வாரங்களுக்குள் தாய்மரத்தின் அருகிலேயே முளைத்தாக வேண்டும். எனவே, தாய்மரம் வெட்டப்பட்ட நிலத்தில் மறுபடி முளைப்பதற்கு மண்ணில் விதை எதுவும் காத்திருப்பதில்லை. வெட்டி எரிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிலங்களை இப்பகுதியில் 'கெக்கில்ல' எனப்படும் பன்னம் மூடிவிடுகிறது. அதனுள் மரக்கன்று எளிதில் தலையெடுப்பதில்லை.

காட்டின் ஓரங்களில், சத்துக் குறைந்த மண்ணில், கெண்டிச் செடியைக் காணலாம். இலை நுனியில் தொங்கும் கெண்டியின் வழுக்கும் விளிம்பில் வந்தமரும் பூச்சி உள்ளே வீழ்ந்து அதற்கு உணவாகிறது. மண் தராத சத்தைப் பூச்சியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் இச்செடியின் இனமும் இலங்கைக்கே உரியது. நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்ற மரமஞ்சள் கொடியும், பாணியும் கருப்பட்டியும் தரும் கித்துள் மரமும் இங்கு உண்டு. சுற்றுவட்டாரக் கிராம மக்கள் கித்துளைச் சீவி வாழும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

கூடித் திரியும் பறவைகள்

சிங்கராஜவின் விலங்குகளைக் காண விரும்புபவருக்குப் பொறுமை வேண்டும். ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு பறவையைக்கூடக் காணாதிருக்கலாம். திடீரென்று காடு முழுவதும் கலகலக்கும். தவிட்டுக்குருவிகள், கரிச்சான்கள், மரங்கொத்திகள், செம்முகப் பூங்குயில்கள், மலை அணில்கள்கூட ஒரே கூட்டமாகக் கடந்து செல்லும். சில நிமிடங்களில் மீண்டும் நிசப்தம்.

பல இனப் பறவைகள் கூடி இரை தேடும் இக்கூட்டங்களை 1981 முதற்கொண்டு பேராசிரியர் சரத் கொட்டகமவும் பின்னர் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் இங்கு தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளனர். சராசரியாக ஒரு கூட்டத்தில் 11 அல்லது 12 இனங்களைச் சேர்ந்த 40 பறவைகள் வரை இருக்கின்றன. செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவிகள் எண்ணிக்கையில் மிகுந்து முன்செல்ல, கொண்டைக் கரிச்சான் காவலாளியைப் போன்று உடன் செல்கிறது. தவிட்டுக்குருவிகள் இலைகளைக் கிளறும்போது எழும் பூச்சிகள் கரிச்சானுக்கு இரையாகின்றன. வல்லூறு தென்பட்டால் கரிச்சான் எழுப்பும் எச்சரிக்கையொலி அனைத்தையும் காக்கிறது. கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்து அவற்றைக் கூட்டத்தில் சேரத் தூண்டுகிறது என்பதும் இங்கு நடந்த ஆய்வுகளிற் புலனான செய்தியாகும். அகன்ற, தொடர்ச்சியான காடு இருக்கும்வரையே இத்தகைய கூட்டு வாழ்வு நிலைக்கும். காடு துண்டாடப்படும்போது முதலில் கலைவது இவ்வாறான கூட்டங்களே.

இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்களில் மிகப் பெரும்பாலானவற்றை இச்சிறு வனத்திற் காணலாம். நீல உடலும் செந்நிற அலகும் கொண்ட, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த நீலப்பறவையும், பச்சை அலகுச் செம்பகமும், தேசியப் பறவையான காட்டுக்கோழியும் அவற்றுட் சில. நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவையினம் எதுவும் கண்டறியப்படாதிருந்த நிலையில், 2001 ஜனவரியில் தீபால் வாரக்காகொட என்னும் பறவையியலாளர் இங்கு ஒரு சிறு ஆந்தையைக் கண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்படாத குரலொன்றைக் காட்டில் கேட்டு அவர் தேடி வந்திருந்தார். 2004 இல் அது புதிய இனமாக உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அரபு வணிகர்கள் நம் தீவுக்கு இட்ட 'செரண்டிப்' என்ற பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. உருவத்திற் சிறியதாயினும் ஒரு பறவை அவ்வளவு காலம் மனிதர் கண்ணிற் படாது வாழ்ந்திருந்தது என்றால், இன்னும் எத்தனை உயிர்கள் பெயரிடப்படாது அங்கே இருக்கக்கூடும் என்பது சிந்தனைக்குரியது.

தவளைகளின் கதை இன்னும் வியப்பானது. தவளை என்றால் முட்டை நீரிலிட்டு, வாற்பேய் தோன்றி, பின்னர் உருமாறும் என்றே பாடசாலையிற் படித்திருக்கிறோம். இம்மழைக்காடுகளில் வாழும் புதர்த் தவளைகளிற் பலவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே வெளியில் இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இடப்படும் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவருகிறது. குளமோ ஓடையோ அவற்றுக்குத் தேவையில்லை. தேவை காற்றின் ஈரப்பதன் ஒன்றே. நிழல் போனால், ஈரம் போகும். ஈரம் போனால் தவளையும் போகும். இலங்கையில் ஏறத்தாழ 20 தவளையினங்கள் அடியோடு அற்றுப்போய்விட்டன என்று கருதப்படுவதற்கு ஈரவலயக் காடுகளின் அழிவு முதன்மையான காரணமாகும்.

மூக்கின் மேல் குமிழ் கொண்ட ஓணான், கொம்புள்ள ஓணான், இலைகளோடு இலையாக மறைந்திருக்கும் பச்சை விரியன், ஊதாமுக மந்தி, எப்போதாவது தடயம் காட்டும் சிறுத்தை ஆகியனவும் இங்கு வாழ்கின்றன. உலகெங்கும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீனாக வளர்க்கப்படும் செந்நிறக் கெண்டை இனமொன்றின் தாயகமும் களு, களனி கங்கைகளின் நிழல்படிந்த ஓடைகளே. யானைகள் ஒரு காலத்தில் இம்மலைகளிற் கூட்டமாகத் திரிந்தன. அண்மைய ஆண்டுகளில் எஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு ஆண் யானைகள். பெண் யானை இல்லாத இடத்தில் அவற்றுக்கு அடுத்த தலைமுறை இல்லை. பெரிய விலங்குக்குச் சிறிய காடு போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மரம் அரிவோரிடமிருந்து தப்பிய வரலாறு

சிங்கராஜ 1875 ஆம் ஆண்டிலேயே அரச வன ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அன்றைய அறிவிப்பின் நோக்கம் உயிரினப் பாதுகாப்பன்று. காணியின் மீதான முடியின் உரிமையை நிலைநாட்டுவதே. அக்காட்டை அந்நாளிற் காத்தது சட்டத்தைவிட அதன் கரடுமுரடான நிலமும் பாதையின்மையுமே எனலாம்.

பாதை வந்தபோது ஆபத்தும் வந்தது. ஒட்டுப்பலகை உற்பத்திக்காகக் கொஸ்கமவில் அரச தொழிற்சாலை அமைக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்களைக் கொண்டு சிங்கராஜவில் மரம் வெட்டும் பணி ஆரம்பமாயிற்று. அதனை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்கு முன்னின்றவர்களுள் ஒருவர் வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் அந்நாளையத் தலைவர் திலோ ஹொஃப்மன். சுவிற்சர்லாந்தில் பிறந்து, 1946 இல் இலங்கைக்குத் தொழில் நிமித்தம் வந்து, இந்நாட்டையே தமதாக்கிக்கொண்டவர் அவர். விஞ்ஞானிகளும் மாணவர்களும் பொதுமக்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் விளைவாக 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. மேலே கூறிய செரண்டிப் ஆந்தையின் விஞ்ஞானப் பெயரில் அவரது பெயர் இடம்பெற்றுள்ளமை அந்தப் போராட்டத்துக்கான நினைவுச் சின்னமாகும்.

1978 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இல் தேசிய மரபுரிமை வனமாகவும், அதே ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜ ஏற்கப்பட்டது. 2019 இல் அயலிலுள்ள காடுகளையும் இணைத்து ஏறத்தாழ 36,000 ஹெக்டேயர் கொண்ட பாதுகாப்புத் தொகுதியாக அதனை விரிவாக்கும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது.

மரம் வெட்டிய காலத்தின் வடுக்கள் இன்னும் ஆறவில்லை. காட்டின் எல்லையோரத்தில் முன்பு நடப்பட்ட பைன் மரங்களின் நிழலை மறைப்பாகக் கொண்டு, அவற்றின் கீழே நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் பரிசோதனைகள் 1990களிலிருந்து இங்கு நடைபெற்று வருகின்றன. பைன் வரிசைகளைப் படிப்படியாக அகற்ற, குங்கிலிய மரக் கன்றுகள் உயர்ந்து வளர்ந்திருக்கின்றன. அழிந்ததை ஓரளவு மீட்கலாம் என்பதற்கு இது நம்பிக்கை தருகிறது. ஆனால் அதற்கு விதை தர அருகிலே மூலக்காடு உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

வாசனைக்கு விலையாகும் மரம்

இன்றைய ஆபத்துகள் பெரிய இயந்திரங்களாக வருவதில்லை. சிறுகச் சிறுகவே வருகின்றன. எல்லையோரத்தில் ஆண்டுக்குச் சில அடியாக நகரும் சிறு தேயிலைத் தோட்டம், ஓடையின் குறுக்கே எழும் சிறு நீர்மின் அணை, இரவில் தோண்டப்படும் மாணிக்கக்குழி என்பன அவற்றுட் சில. 2020 ஓகஸ்டில் நெலுவயிலிருந்து லங்காகமவுக்குச் செல்லும் பாதையை விரிவாக்கும் பணி வனத்தினூடாக நடைபெற்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. நோயாளியைத் தூக்கிச் செல்லப் பாதையில்லாத கிராம மக்களின் கோரிக்கை நியாயமற்றதன்று. ஆனால் காட்டினூடே அகலமாகும் ஒவ்வொரு பாதையும் கூரை போன்ற மரமுடிகளைப் பிரித்து, வெயிலையும் காற்றையும் உட்புகவிடுகிறது. அதன் வழியே அந்நியச் செடிகளும் திருடர்களும் நுழைகின்றனர். கிராமத்தின் தேவையையும் காட்டின் தேவையையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் திட்டமிடல் அங்கு காணப்படவில்லை என்பதே குறை.

நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. அது 'வல்லப்பட்ட' எனும் மரம் பற்றியது. முன்பெல்லாம் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பதற்கு அன்றி வேறெதற்கும் பயன்படாது என்று கருதப்பட்ட மரம் இது. நம் இலக்கியங்கள் அகில் என்றும், அரபு நாட்டார் ஊத் என்றும் போற்றும் நறுமணப் பொருளைத் தரும் மரக்குடும்பத்தைச் சேர்ந்தது. காயம்பட்டுப் பூஞ்சணம் தொற்றிய மரத்தின் உள்ளே உண்டாகும் பிசினே அந்த நறுமணத்தின் மூலம். வல்லப்பட்டவிலும் அது உண்டு என்பது 2012 அளவில் பரவலாகத் தெரியவந்ததும், சிங்கராஜவிலும் அயற்காடுகளிலும் திருட்டு வெட்டு தொடங்கிவிட்டது. விமான நிலையத்திலும் பயணப்பொதிகளிலும் இம்மரத்துண்டுகள் பலமுறை பிடிபட்டுள்ளன. எந்த மரத்தினுள் பிசின் உண்டு என்பது வெளியே தெரியாதாகையால், ஒன்றைப் பெறுவதற்காகப் பலவற்றை வெட்டிச் சாய்க்கின்றனர். இம்மரவினத்தின் சர்வதேச வணிகம் 2004 ஆம் ஆண்டு பாங்கொக் மாநாட்டின் முடிவின்படி சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது.

நறுமணம் பூசுதல் முஸ்லிம்களுக்கு விரும்பத்தக்க சுன்னத். இந்துக்களின் வழிபாட்டிலும் அகிலுக்கும் சாம்பிராணிக்கும் இடமுண்டு. அதனைக் குறைகூற எவருக்கும் எண்ணமில்லை. தோட்டங்களில் முறைப்படி வளர்க்கப்பட்ட அகில் மரங்கள் இன்று சந்தையில் உண்டு. வாங்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குவது மார்க்கத்துக்கும் மரபுக்கும் ஏற்ற செயலேயாகும்.

நமக்கு என்ன?

காட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ், முஸ்லிம் மக்களிற் பலர் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். அதற்குக் காரணமும் உண்டு. போரின் போது கைவிட நேர்ந்த வயலும் வளவும் காடாகி, திரும்பி வந்தபோது அங்கே திணைக்களத்தின் எல்லைக்கற்கள் நின்றிருந்த அனுபவம் வன்னியில் பலருக்குண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் மன்னார், முசலிப் பகுதிக்குத் திரும்பியபோது, அவர்தம் பூர்வீக நிலங்களென அவர்கள் கூறும் பகுதிகள் 2012 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலால் வன ஒதுக்கத்துள் அடங்கிவிட்டிருந்தன. அச்சிக்கல் நீதியான முறையில் தீர்க்கப்பட வேண்டியது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. குடியிருந்த மக்களின் காணியுரிமையை ஆராயாது கோடு கிழிப்பது காட்டுக்கும் நன்மை செய்யாது. மக்களைக் காட்டின் எதிரிகளாக்குவதே அதன் விளைவு.

ஆனால் அந்த மனக்குறை, எஞ்சிய மழைக்காட்டை 'அது அவர்களுடைய விடயம்' என்று ஒதுக்கிவிடும் மனநிலைக்கு நம்மை இட்டுச் செல்லுமாயின் இழப்பு நமக்கே. சிங்கராஜவின் வடக்குச் சரிவில் விழும் மழை களுகங்கைக்கும், தெற்குச் சரிவில் விழும் மழை ஜின் கங்கைக்கும் செல்கிறது. களுத்துறை, பேருவளைப் பகுதி வீடுகளில் திறக்கப்படும் குழாயில் வருவது களுகங்கை நீர். காலி நகரம் அருந்துவது ஜின் கங்கை நீர். இறக்குவானை, தெனியாய தோட்டங்களின் லயன்களில் வாழும் மலையகத் தமிழர்களின் கூரைகளுக்கு மேலே இருப்பவை இம்மலைகளே. 2017 மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலையகத்தின் சரிவுகளே அதில் மிகக் கொடிய இழப்பைச் சந்தித்தன. அளவிறந்த மழையைக் காடு ஒன்றினால் மட்டும் தடுத்துவிட முடியாது என்பது உண்மை. எனினும் வேரால் மண்ணைப் பிணைத்து, மழைத்துளியின் வேகத்தை இலையால் தணித்து, நீரைப் பஞ்சு போல உறிஞ்சி மெல்ல விடுவிக்கும் காட்டை இழந்த சரிவு, மழையின் முன் நிராயுதபாணியே. அதன் கீழே வாழ்பவர்கள் பெரும்பாலும் வேறு காணியற்ற ஏழைகள்.

புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து இது தொடர்பாக ஒரு வழிகாட்டலும் கிடைத்துள்ளது. எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்துக்கு எதிராக அப்பகுதி மக்கள் தாக்கல் செய்த வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் இயற்கை வளங்களுக்கு உரிமையாளர் மக்களே, அரசு அவற்றின் காப்பாளர் மட்டுமே என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. இயற்கையைப் பாதுகாத்தல் ஒவ்வொருவரினதும் கடமை என அரசியலமைப்பின் 28 ஆம் உறுப்புரையும் கூறுகிறது. மக்கள் என்னும் சொல்லில் தமிழரும் முஸ்லிமும் அடங்குவர். உரிமையாளர் என்ற முறையில் காணியைக் கேட்கும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டோ, காட்டைக் காக்கக் கேட்கும் உரிமையும் அவ்வளவு உண்டு.

அதற்கு முதற்படி அறிதல். சிங்கராஜ பற்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நூல்களும் கையேடுகளும் நிறைய உள்ளன. தமிழில் மிகக் குறைவு. நமது பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்கள் இன்னும் பழைய வழித்தடங்களிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. கலவானைக்கு அண்மையிலுள்ள குடாவை வாயிலும், தெனியாயவுக்கு அண்மையிலுள்ள பிட்டதெனிய வாயிலும் கொழும்பிலிருந்து சில மணிநேரப் பயணத் தூரமே. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பயிலும் ஒரு மாணவன், அட்டைக் கடியைப் பொறுத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது அக்காட்டுப் பாதையில் நடந்து, பறவைக் கூட்டம் தலைக்கு மேலே கடந்து செல்வதை ஒருமுறை பார்த்துவிட்டு வருவானாயின், மறுநாள் குழாயைத் திறக்கும்போது அத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை அடுத்த விடுமுறைக்குள் எண்ணிப் பார்ப்பது நன்று.